ஷேடு தேவசகாயமும் காற்றுக் கப்பலும்

"டிவி பேஜாராயிடுச்சுடா," என்றார் தேவசகாயம். "ஒரு கலரும் ஒண்ணோட ஒண்ணு சேரல."

ஜோசுவா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். கார்ட்டூன் தொடங்கி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. வம்பு இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"இன்னாப்பா சேரல?"

"அந்தம்மாவப் பாரு, நல்ல டார்க் பிரவுன். பக்கத்துல நிக்கிற ஆளு சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்கான். அந்தப் பொண்ணு ரெண்டுலயும் சேராம டேன் கலர்ல இருக்குது. மூணு பேரும் ஒரே குடும்பம்ன்ற. எந்த ஃபேக்டரில இது பாஸ் ஆகும்?"

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் போய் தேவசகாயம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஷேடு தேவசகாயம் என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். இருபத்தெட்டு வருஷம் கடைசி இன்ஸ்பெக்ஷனில் உட்கார்ந்தவர். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் இடது ஷூவையும் வலது ஷூவையும் சேர்த்துப் பிடிப்பார். இரண்டுக்கும் தோல் நிறத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அந்த ஜோடி திரும்பிப் போய்விடும். கம்பெனியிலிருந்து அவர் ரிட்டையரானார், கண் ரிட்டையராகவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று கொஞ்சம் வெளுப்பு என்று கடைக்கே தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் இரண்டையும் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். அவரிடம் இருக்கிற பெரிய தொல்லையே அதுதான். அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும்.

இரண்டு நாற்காலிக்கே இந்தப் பாடு. இவரிடம் போய், 'அப்பா, நான் ஹிருத்தைக் கட்டிக்கப் போறேன்' என்று எந்த வாயால் சொல்வது?

ஹிருத் எத்தியோப்பியாக்காரி. தோல் தொழில்நுட்பம் படிக்க அடிஸ் அபாபாவிலிருந்து சென்னைக்கு வந்தவள், படிப்பு முடிந்ததும் பேரணாம்பட்டு ரோட்டில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டாள். ஷூ கம்பெனிக்காகத் தோல் எடுக்கப் போன ஜோசுவாவிடம் அவள் பேசிய முதல் வாக்கியமே, "நீ தப்பான தோல எடுத்துட்டுப் போற, திருப்பிக் குடு" என்பதுதான். தமிழை அவள் ஃபினிஷிங் செக்ஷன் பெண்களிடம் கற்றிருந்தாள். ஜாஸ்தியும் கம்மியும் அவள் வாயில் ஆம்பூர்க்காரர்களைவிட அழகாக வந்து விழும்.

ஜனவரியில், சென்னைத் தோல் கண்காட்சிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஜோசுவா அவளை ஏலகிரிக்குக் கூட்டிப் போனான். ஏரியில் படகு மிதித்துக்கொண்டே கேட்டான். அவள் மிதிப்பதை நிறுத்தாமலே சரி என்றாள்.

அதன் பிறகுதான் வந்தது வினை. அவள் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடிஸ் அபாபாவில் ஒரு பெரிய கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

"எங்கம்மாவுக்கு அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன்," என்றாள் ஹிருத். "உங்கம்மா இருக்குறது பத்து கிலோமீட்டர்ல. உன்னால சொல்ல முடியல. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. இல்லன்னா திங்கக்கிழமை அந்த வேலைக்குச் சரின்னு பதில் போட்டுடுவேன்."

அவள் சொன்னால் செய்வாள். ஜோசுவாவுக்கு அவளிடம் மிகவும் பிடித்ததும் அதுதான், இப்போது தூக்கத்தைக் கெடுத்ததும் அதுதான்.

வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவனுக்கு, நவீத்தின் டிவி ரிப்பேர் கடையில் வழி பிறந்தது. நவீத் பள்ளிக்கூடத்திலிருந்து தோஸ்த். போனுக்குக் கண்ணாடி மாற்றப் போனபோது கடை டிவியில் ஒரு கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. பேர் 'காற்றுக் கப்பல்'. தமிழில் பேசினார்கள்.

நயேமா என்று ஒரு கேப்டன். தீவு தேசத்துக் கறுப்புப் பெண். புயலைக் காதைப் பிடித்துத் திருகுகிற மாதிரி திருப்பி விடுவாள். அவள் கணவன் இவார் பனி மலைக்காரன், கப்பலில் சமையல் அவன் பொறுப்பு. அவர்களுடைய பெண் லூமிக்கு அம்மாவின் சுருட்டை முடி, அப்பாவின் பூனைக் கண். மூன்று பேரும் ஊர் ஊராகப் பறந்து ராட்சதர்களோடு மல்லுக்கட்டுவார்கள். யார் எந்த நிறம் என்று அந்தக் கப்பலில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ராட்சதன் துரத்தி வருகிறபோதும் இவார் பெண்டாட்டிக்குச் சூடாக ஒரு கிண்ணம் கஞ்சியை நீட்டுவான், அவள் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாங்கிக் குடிப்பாள். ஜோசுவா நின்ற இடத்திலேயே இரண்டு எபிசோடு பார்த்துவிட்டான். ஒரு குடும்பத்தை இவ்வளவு அழகாக வரைய முடியுமா என்று வியந்தான்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. தன் மூளையை அவனே மெச்சிக்கொண்டான். நேராகச் சொன்னால்தானே வம்பு? தினம் சாயங்காலம் இதை வீட்டு டிவியில் ஓட விடுவோம். பார்த்துப் பார்த்து அப்பாவின் கண் பழகிவிடும். பழகியதும் ஹிருத்தைக் கொண்டு போய் நிறுத்திவிடலாம்.

அந்தத் திட்டத்தின் முதல் நாளில்தான் டிவி பேஜாராயிடுச்சு என்கிறார் அப்பா.

"செட்டிங்க்ஸ் பாக்குறேன்பா," என்று ஜோசுவா ரிமோட்டை வாங்கி நாலு பட்டனை அழுத்தினான். கேப்டன் நயேமா கிளிப்பச்சையானாள். இன்னும் இரண்டு அழுத்தியதில் மொத்தக் குடும்பமும் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"இப்ப ஷேடு மேட்ச் ஆயிடுச்சு," என்றார் தேவசகாயம். "ஆனா ஆளுங்க மாதிரி தெரியல. நவீத்தக் கூப்புடு."

நவீத் வந்தான். டிவிக்குப் பின்னால் தலையை விட்டு அரை மணி நேரம் ஏதோ செய்தான். படம் பழையபடி ஆனது. அம்மா டார்க் பிரவுன், அப்பா சுண்ணாம்பு, பெண் டேன்.

"டிவி கரெக்டா தான் இருக்குது அங்கிள். அவங்க கலரே அது தான்," என்றான் நவீத்.

தேவசகாயம் மகனைப் பார்த்தார். "ஏன்டா, அப்ப ரெண்டு பேரும் வேற வேற நாடா?"

"ஆமாப்பா. கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க."

"வீட்ல சொன்னாங்களா?"

"அது... மூணாவது எபிசோட்ல வரும்னு நெனைக்கிறேன்."

"அப்ப போடு மூணாவது."

ஜோசுவா மகிழ்ச்சியோடு போட்டான். அவன் மூன்றாவதைப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் போட்டிருக்கவே மாட்டான்.

மூன்றாவது எபிசோடில் கப்பல் பனி மலைக்குப் போகிறது. இவாரின் அப்பா, தாடி தரையில் புரளும் கிழவர், கோட்டைக் கதவைச் சாத்துகிறார். 'என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல், ஊருக்குத் தெரிந்த பிறகு வந்து நிற்கிறாயே, உனக்கு என் வீட்டில் இடமில்லை' என்று உறுமுகிறார். மலையே நடுங்குகிறது. கப்பல் பனிப்புயலில் உருண்டு போகிறது.

ஜோசுவாவின் காதில் 'இடமில்லை' மட்டும்தான் விழுந்தது.

தேவசகாயம் மெதுவாகத் தலையாட்டினார். "பெரியவரு சொல்றதுல ஞாயம் இருக்குதுடா."

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா பட்டம்மாளும், "ஆமா, மனுஷனுக்கு வலிக்காதா?" என்றாள்.

கிழவர் அடுத்து என்ன சொல்வாரோ என்ற பயத்தில் ஜோசுவா காலை நீட்டி, சுவரோரம் இருந்த வைஃபை பெட்டியின் பிளக்கைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டான். படம் நின்றது.

"நெட்டு போயிடுச்சுப்பா. நாளைக்குத் தான் வரும்."

"நவீத்தக் கூப்புடு."

போன வேகத்திலேயே நவீத் திரும்பி வந்தான். குனிந்து பிளக்கைச் செருகினான். ஜோசுவாவை ஒரு பார்வை பார்த்தான்.

அதற்குப் பிறகு கார்ட்டூனை நிறுத்த யாராலும் முடியவில்லை. பட்டம்மாள் ஆறு மணிக்கே சோறு வடித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கேப்டன் நயேமா மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம். "அவ நிக்கிற நிலையப் பாரு. பொம்பளன்னா இப்டி இருக்கணும்," என்பாள். தேவசகாயத்துக்கு லூமி. "இந்த டேன் நம்ம கேட்டலாக்லயே இல்ல. ரெண்டு நல்ல தோலு கலந்தா இப்டி ஒண்ணு வருமா?" என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை ஜோசுவாவுக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. மெல்லத் தூண்டில் போட்டான்.

"ஏம்பா, நம்ம வீட்ல இந்த மாதிரி நடந்தா இன்னா பண்ணுவீங்க?"

தேவசகாயம் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம வீட்லயா? நடக்காது. அதுக்கெல்லாம் தைரியம் வேணும்."

ஜோசுவாவின் துணிச்சல் வந்த வழியே போய்விட்டது. 'நடக்காது' என்பது தீர்ப்பாகவே அவன் காதில் விழுந்தது. வெளியே வந்து ஹிருத்துக்குப் போன் செய்தான்.

"ஞாயித்துக்கிழமை நீயே வீட்டுக்கு வா. உன்னப் பாத்தா அவங்களுக்குப் புடிச்சிடும். சாப்ட்டதும் நான் சொல்லிடுறேன்."

"நான் யாருன்னு சொல்லிக் கூப்புடுவ?"

"ஷூ வாங்குற பையர் கம்பெனில இருந்து வந்த இன்ஸ்பெக்டர்னு சொல்றேன். எங்கப்பாவுக்கு இன்ஸ்பெக்டர்னா மரியாதை."

"இது ஜாஸ்தி பேஜாரு," என்றாள் ஹிருத். "ஆனா வர்றேன். திங்கக்கிழமை மாத்திரம் மறந்துடாத."

போனை வைத்த பிறகுதான் அடுத்த சிக்கல் உறைத்தது. ஹிருத்துக்கு இது லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய விரதக் காலம். அவர்கள் சபை வழக்கப்படி கறி, முட்டை, பால், நெய் எதுவும் தொடமாட்டாள், ஞாயிற்றுக்கிழமைகூட. அப்பாவுக்குத் தெரிந்தவரான டேனரி கேன்டீன்காரர் அவளுக்கென்று பாலில்லாத டீ தனியாகப் போட்டுப் பழகியிருந்தார். இங்கேயோ ஞாயிறு என்றால் பட்டம்மாள் கையால் ஆட்டுக்கறி பிரியாணி. முப்பது வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. வந்தவள் இலையில் கை வைக்காமல் எழுந்தால் எல்லாம் கெட்டுவிடும். விரதத்தைப் பற்றிச் சொல்லலாம் என்றால், ஓர் இன்ஸ்பெக்டரின் விரதம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வீடு திரும்பியவன் நேரே சமையலறைக்குப் போய் மூடிகளைத் திறந்து பார்த்தான். எலுமிச்சைச் சோறு, எண்ணெய்க் கத்திரிக்காய், பருப்பு, கிழங்கு வறுவல்.

"பிரியாணி இல்லியாம்மா?"

"லெந்து நாளாச்சேடா," என்றாள் பட்டம்மாள்.

இந்த வீட்டில் லெந்து நாள் என்ற பேச்சையே அவன் அன்றுதான் கேட்டான். ஆண்டவர் தன் பக்கம் இருப்பதாக எண்ணி மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில், வந்து உட்கார்ந்த ஹிருத்துக்குப் பட்டம்மாள் பாலில்லாத டீயைக் கொண்டு வந்து கொடுத்தபோது, பாலும் தீர்ந்துபோயிருக்கிறதே, இன்றைக்கு எல்லாமே கூடி வருகிறது என்று பூரித்தான்.

பூரிப்பு ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் வந்துட்டு சும்மா உக்காரலாமா?" என்ற தேவசகாயம் வீட்டிலிருந்த ஷூ, செருப்பு அத்தனையையும் கூடத்தில் வரிசையாக அடுக்கினார். "பாத்து சொல்லும்மா. எல்லாம் நான் செலக்ட் பண்ணது."

ஹிருத் ஜோசுவாவைப் பார்த்தாள். அவன் கண்ணால் கெஞ்சினான், நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடு என்று. ஆனால் தோல் விஷயத்தில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு ஜோடியாகக் கையில் எடுத்தாள், விரலால் நீவினாள், வைத்தாள். தேவசகாயம் ஆராதனைக்குப் போட்டுப் போகும் பழுப்பு ஷூவில் அவள் கை நின்றது. எழுந்து வடக்கு ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள்.

"அப்பா, இது பாஸ் ஆகாது. லெஃப்ட்டு அரை ஷேடு ஜாஸ்தி."

அவள் 'சார்' என்பதற்குப் பதில் 'அப்பா' என்றதைக்கூட ஜோசுவா அப்போது கவனிக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. ஆம்பூரில் இதுவரை யாரும் ஷேடு தேவசகாயத்தின் ஷூவை ரிஜெக்ட் செய்ததில்லை.

தேவசகாயம் ஜன்னலோரம் போய் ஷூவை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அரை ஷேடு தான்," என்றார் கடைசியில். "ஆறு வருஷமா கால்ல போட்டுட்டுத் திரியுறேன். பட்டம்மா, எல போடு. நல்ல கண்ணு இருக்குறவங்க பசியோட நிக்கக் கூடாது."

இலை போட்டார்கள். இப்போதாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று ஜோசுவா முதல் கவளத்தை எடுக்கும்போது ஹிருத் ஒரு காரியம் செய்தாள். எலுமிச்சைச் சோற்றில் கத்திரிக்காயைச் சேர்த்து அழகாக ஓர் உருண்டை பிடித்து, பரிமாற வந்த பட்டம்மாளின் வாயருகே நீட்டினாள். அவர்கள் ஊரில் பிரியமானவர்களுக்குத் தன் கையால் முதல் வாய் ஊட்டுவது வழக்கம். அந்த நேரத்தில் தான் இன்ஸ்பெக்டர் என்பதை அவள் சுத்தமாக மறந்துவிட்டாள். எந்தக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வீட்டுக்காரம்மாவுக்குச் சோறு ஊட்டுவார்? ஜோசுவாவுக்குக் கையிலிருந்த கவளம் இலையிலேயே விழுந்தது.

பட்டம்மாள் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. குனிந்து வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மென்று முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"உப்பு கம்மியா இருக்குது, சொல்லக் கூடாதா யாரும்?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாப்பிட்ட பிறகு கடைசி எபிசோடு. பாதியில் படம் சுற்றிக்கொண்டே நின்றது. இந்தத் தடவை ஜோசுவா பிளக்கைத் தொடவில்லை. அப்பா சொல்லாமல் அவனே நவீத்துக்குப் போன் போட்டான். நவீத் வந்து சரி செய்துவிட்டு, முடிவு என்னவென்று பார்க்க அவனும் உட்கார்ந்துகொண்டான்.

பனி மலைக் கிழவர் கோலை ஊன்றி மலையிறங்கி வருகிறார். கப்பலில் லூமி தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருக்கிறாள். புயலில் முடியெல்லாம் சிக்கு. கேப்டன் சுக்கானை விட முடியாது, இவாரின் கையில் தீக்காயம். கிழவர் பேத்தியின் பின்னால் மண்டியிட்டு உட்கார்கிறார். கோடாரி பிடித்த தடித்த விரல்களால் அந்தச் சுருட்டை முடியை மெல்ல மெல்லப் பிரித்துப் பின்னலாகப் போடுகிறார். கோணல் பின்னல். லூமி தடவிப் பார்த்துவிட்டு, 'இப்படியே இருக்கட்டும் தாத்தா' என்கிறாள். பாட்டில்லை, சத்தமில்லை. படம் வரைந்தவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது ஜோசுவாவுக்கு.

கூடத்தில் நான்கு பேர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து டிவிக்கு முன்னால் நின்றான். நாளை திங்கட்கிழமை.

"அப்பா. இவங்க இன்ஸ்பெக்டர் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். பேரு ஹிருத், எத்தியோப்பியா. நான் இவங்கள தான் கட்டிக்கப் போறேன். உங்க மூஞ்சியப் பாத்து மொதல்லயே சொல்லியிருக்கணும். தப்பு தான்."

தேவசகாயம் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

"எத்தியோப்பியாவா? போதகர் பிரசங்கத்துல வர்ற ஊராச்சே," என்றாள் பட்டம்மாள்.

"அப்பா, ஷேடு..." என்று இழுத்தான் ஜோசுவா.

"போடா இவனே. ஷேடு பாக்குறது ஷூவுக்கு. மனுஷங்களுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் சைஸு சரியா இருக்கணும், நடக்கும்போது கடிக்கக் கூடாது. அவ்ளோ தான்." தேவசகாயம் ஹிருத்தின் பக்கம் திரும்பினார். "உங்கம்மா நம்பரக் குடும்மா. நான் பேசணும். அவங்களுக்குத் தமிழ் தெரியாட்டி நீயே பக்கத்துல இருந்து சொல்லு."

ஹிருத் போனை எடுத்தாள். எடுக்கும்போது ஜோசுவாவைப் பார்த்து, திங்கட்கிழமை பதில் போகாது என்பதாக ஒரு சின்னத் தலையாட்டல். அவனுக்கு அது போதும்.

அடிஸ் அபாபாவுக்கு மணி அடிக்கிற சத்தம் கூடத்தில் கேட்டது. ஜோசுவா நவீத்தை வழியனுப்ப வாசலுக்கு வந்தான். மார்பு இரண்டு அங்குலம் விரிந்திருந்தது.

"பாத்தியா தோஸ்த்? இருபத்தெட்டு வருஷம் ஷேடு பாத்த ஆளு. ஒரே வாரத்துல ஒரு கார்ட்டூனப் போட்டு எங்கப்பாவ மாத்திட்டேன்."

நவீத் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, அவனைப் பாவமாகப் பார்த்தான்.

"நீ மாத்துனியா? ஜனவரில சபை ஆளுங்களோட ஏலகிரிக்குப் போய், ஏரில உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு வந்த அன்னிக்கே, 'எனக்கு மருமக கெடச்சுட்டாடா, எம் பையனுக்குத் தான் சொல்ல தைரியம் இல்ல, அவன் கடைக்கு வர்றப்ப கண்ணுல படற மாதிரி ஏதாச்சும் ஓட்டி வை'ன்னு என்கிட்ட வந்து சொன்னதே உங்கப்பா தான்."